கண் மையை வலிக்காமல் எடுப்பது எப்படி? மேடை மை முதல் தினசரி காஜல் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கும் கல்யாணங்களுக்கும் மேக்கப் போடுவது என் வேலை. போடும்போது சுற்றி நின்று பார்க்கப் பத்துப் பேர் இருப்பார்கள். எடுக்கும்போது ஒருவரும் இருக்க மாட்டார்கள். இரவு பத்தரை மணிக்கு, மண்டபத்துப் பின்கட்டில், தூங்கி வழியும் பிள்ளையின் கண்ணை ஈரத்துண்டால் தேய்த்துக்கொண்டிருக்கும் ஓர் அம்மாவை அநேகமாக ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் பார்க்கிறேன். மறுநாள் காலையில் போன் வரும்: "அக்கா, கண்ணெல்லாம் செவந்திருக்கு, நீங்க போட்ட மை ஒத்துக்கலையோ?" பெரும்பாலும் குற்றவாளி மை இல்லை, துண்டுதான். அப்படி வந்த கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

சோப்புப் போட்டுக் கழுவினால் போகாதா? அந்தக் காலத்தில் அப்படித்தானே செய்தோம்?

அந்தக் காலத்து மை வேறு. வீட்டில் செய்த மை என்பது விளக்குக் கரியும் விளக்கெண்ணெயும்தான். வியர்த்தாலே வழிந்துவிடும், சோப்புக்கும் போய்விடும். இன்றைக்கு வாட்டர்ப்ரூஃப் என்று விற்பதில் மெழுகும், காய்ந்ததும் படலமாகிற பாலிமரும், அவற்றை இளக்கி வைக்க ஐசோடோடெக்கேன் போன்ற ஒரு கரைப்பானும் இருக்கும். பூசிய சில நிமிடங்களில் கரைப்பான் ஆவியாகிவிடும். மிஞ்சிய மெழுகும் பாலிமரும் கறுப்பு நிறமியை இறுகப் பிடித்துக்கொண்டு இமையில் உட்கார்ந்துவிடும். அதன் மேல் தண்ணீர் விட்டால் சேப்பங்கிழங்கு இலையில் விட்ட மாதிரி உருண்டு ஓடும்.

சோப்புத் தண்ணீர் கொஞ்சம் அசைக்கும், ஆனால் மீதிக்குத் தேய்க்க வேண்டியிருக்கும். கட்டி சோப்பு காரத்தன்மை உள்ளது. நம் கண்ணீர் கிட்டத்தட்ட நடுநிலை. சோப்பு கண்ணில் பட்டதும் எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அதோடு, கண் இமைத் தோல் சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். உடம்பிலேயே மெல்லிய தோல் அது. முழங்காலைத் தேய்க்கிற மாதிரி அதைத் தேய்க்க முடியாது.

இரண்டு மணி நேரம் ஆடுகிற பிள்ளைக்கு நெற்றி வியர்வை நேராகக் கண்ணில் இறங்கும். அதற்காகத்தான் வாட்டர்ப்ரூஃப் போடுகிறோம். தண்ணீருக்கு அசையக் கூடாது என்று காசு கொடுத்து வாங்கிவிட்டு, தண்ணீரில் போகவில்லையே என்று கோபப்பட்டு என்ன செய்வது? (1930களில் வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவுக்குக் காப்புரிமை வாங்கியவர் வியன்னாவின் ஒரு மேடைப் பாடகி. மேடையில் மை வழிகிற கஷ்டம் அவருக்கும் தெரிந்திருக்கிறது.)

அப்படியென்றால் எந்த ரிமூவர் வாங்க வேண்டும்?

முதலில் கண்ணில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடைக்காரர் காட்டுகிற பாட்டிலை அப்புறம் பார்க்கலாம். மெழுகும் எண்ணெயும் சேர்ந்ததை எண்ணெய்தான் கரைக்கும். தண்ணீரில் கரைவதைத் தண்ணீரே எடுத்துவிடும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

மேடைக் கண், கல்யாணக் கண், வாட்டர்ப்ரூஃப் ஜெல் லைனர், வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா என்றால் என் கை முதலில் போவது இரண்டு அடுக்கு ரிமூவருக்கு. மேலே எண்ணெய், கீழே தண்ணீர் என்று பாட்டிலில் பிரிந்து நிற்குமே, அதுதான். மேலடுக்கில் பெரும்பாலும் ஐசோஹெக்ஸாடெக்கேன் மாதிரி இலேசான எண்ணெயோ சிலிக்கோனோ இருக்கும். மெழுகை இளக்குவது அது. தண்ணீர் அடுக்கு, கரைந்ததை வழித்துக்கொண்டு போக உதவும், பிசுக்கையும் குறைக்கும். ஒவ்வொரு முறை பஞ்சில் ஊற்றும் முன்பும் குலுக்க வேண்டும். குலுக்காமல் ஊற்றி, மேலடுக்கு முழுவதும் தீர்ந்து, வெறும் தண்ணீர் பாதி பாட்டில் மிஞ்சி நிற்பதைப் பல வீட்டு அலமாரிகளில் பார்த்திருக்கிறேன். "இந்த ரிமூவர் வேலையே செய்யலை" என்ற புகாரும் அந்த வீடுகளிலிருந்தே வரும்.

ஆபீஸுக்குப் போடும் சாதாரண காஜல், கொஞ்சம் ஐ ஷேடோ என்றால் மைசெல்லர் வாட்டர் போதும். தண்ணீரில் மிக மென்மையான சோப்பு மூலக்கூறுகள் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கூடி நிற்கும். உருண்டையின் உள்பக்கம் எண்ணெயை இழுக்கும், வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டும். ஆனால் வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவுக்கு அதன் பலம் போதாது. போதாததைத் தேய்த்து ஈடுகட்டுகிறோம், அங்கேதான் தப்பு.

முகம் முழுக்கப் பேன்கேக் (மேடைக்குப் போடும் கெட்டியான முகப்பூச்சு) இருந்தால் க்ளென்சிங் பாம் வசதி. கையில் எடுத்தால் உருகும், முகத்தில் தடவித் தண்ணீர் விட்டால் பாலாக மாறிக் கழுவிப் போகும். கண்ணுக்கும் ஆகும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எது வாங்கினாலும் வாசனை இல்லாததாக வாங்குங்கள். ரோஜா மணம், மல்லிகை மணம் எல்லாம் இமைக்கு வேண்டாத விருந்தாளிகள்; கண்ணைச் சுற்றி அரிப்பும் தடிப்பும் வருவதற்கு வாசனைப் பொருள் ஒரு முக்கியக் காரணம்.

சரி, வாங்கிவிட்டேன். எப்படி எடுப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். கண்ணாடி முன்னால் நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு செய்தால் அவசரம் வந்துவிடும்.

காட்டன் பேடில் ரிமூவரைத் தாராளமாக ஊற்றுங்கள். சொட்டக் கூடாது, அதே சமயம் ஓரம்வரை நனைந்திருக்க வேண்டும். காய்ந்த பஞ்சும் உப்புத்தாளும் இமைக்கு ஒன்றுதான். கண்ணை மூடி, பேடை மெதுவாக வைத்து, அப்படியே விட்டுவிடுங்கள். அழுத்த வேண்டாம், அசைக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம்? நாட்டியம் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கணக்கு, ஆதி தாளம் நாலு ஆவர்த்தனம். நிதானமாகப் போட்டால் அரை நிமிடம் வரும். தாளம் தெரியாதவர்கள் முப்பது எண்ணுங்கள். இந்த அரை நிமிடம்தான் மொத்த வித்தை. பெரும்பாலானவர்கள் மூன்று விநாடி வைத்துவிட்டு இழுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எண்ணெய்க்கு மெழுகுக்குள் இறங்க நேரம் வேண்டாமா? காய்ந்த தோசைக்கல்லை உடனே சுரண்டுவோமா, தண்ணீர் ஊற்றி ஊற வைப்போமா?

ஊறியபின் பேடை மேலிருந்து கீழாக, மயிர்க்கால் வளர்கிற திசையிலேயே ஒரே வழிப்பாக வழியுங்கள். பாதி கறுப்பு பேடோடு வந்துவிடும். பேடை மடித்து, சுத்தமான பக்கத்தால் இன்னொரு முறை. அழுக்கான பக்கத்தையே திரும்பத் திரும்ப வைத்தால் எடுத்த மையையே மறுபடி பூசுகிறீர்கள். மேடைக் கண் என்றால் ஒரு கண்ணுக்கு மூன்று பேட் ஆகும், சிக்கனம் பார்க்காதீர்கள்.

மஸ்காராவுக்கு மட்டும் ஒரு சின்ன வேலை. புது பேடை மடித்துக் கீழ் இமைமயிருக்கு அடியில் வையுங்கள். கண்ணை மூடினால் மேல் இமைமயிர் அந்தப் பேட் மேல் படுக்கும். ரிமூவரில் தோய்த்த பட்ஸால் மயிரின் மேல், அடியிலிருந்து நுனிக்கு உருட்டிக்கொண்டே வாருங்கள். குறுக்கே இழுக்காதீர்கள். மயிர் பிடுங்கிக்கொண்டு வந்தால் திரும்ப வளர வாரக்கணக்கில் ஆகும்.

கன்னப்பொட்டுவரை நீளும் பரதநாட்டிய லைனரின் வால் பகுதி எப்போதும் கடைசியில் பிடிவாதம் பிடிக்கும். அது இமையில் இல்லை, கன்னப்பொட்டில் இருக்கிறது. அங்கே தோல் கொஞ்சம் கனம், இரண்டு முறை கூடுதலாக வழிக்கலாம்.

எல்லாம் போனபின் மென்மையான ஃபேஸ் வாஷ், வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துண்டால் ஒற்றி எடுப்பது. அவ்வளவுதான்.

இமைக்கு உள்ளே எழுதிய காஜல் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு.

அதிகம் வரும் கேள்வி இதுதான். பதிலும் கொஞ்சம் நீளம்.

இமை விளிம்பில், மயிர் முளைக்கும் வரிசைக்கும் கண்ணுக்கும் நடுவே ஈரமாக ஒரு கோடு இருக்கிறது. அழகு நிலையங்களில் வாட்டர்லைன் என்பார்கள். நாம் காலங்காலமாக மை எழுதுவது அங்கேதான். அந்தக் கோட்டில்தான் மீபோமியன் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாகத் திறக்கின்றன. ஓர் இமைக்கு இருபதிலிருந்து நாற்பதுவரை இருக்கும். அவை சுரக்கும் எண்ணெய்தான் கண்ணீர்ப் படலத்தின் மேலே மூடி போல நின்று கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் பார்த்துக்கொள்கிறது. தினமும் மெழுகு காஜலை அதன் வாயில் அப்பினால் சிலருக்கு அடைப்பு வரும். கண் வறட்சி, மணல் விழுந்த மாதிரி உறுத்தல், கண்கட்டி, இமை விளிம்பு வீக்கம் எல்லாம் அதைத் தொடர்ந்து வரக்கூடியவை.

ஆகவே எடுக்க வேண்டியது அவசியம். ஆனால் உள்ளே பட்ஸை விட்டுத் துடைப்பது தப்பு. முதலில் மேலே சொன்ன மாதிரி மூடிய கண்ணின் மேல் ரிமூவர் பேடை வைத்து எடுங்கள். அப்புறம் கண்ணைத் திறந்து மேலே பாருங்கள். சுத்தமான விரலால் கீழ் இமையை லேசாகக் கீழே தள்ளி, மைசெல்லர் வாட்டரில் நனைத்துப் பிழிந்த பட்ஸை மயிர் வரிசைக்கு வெளிப்பக்கமாக, மூக்கு ஓரத்திலிருந்து வெளியே ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். விளிம்பைத் தொட்டால் போதும், உள்ளே இருக்கிற சிவப்புச் சவ்வைத் தொட வேண்டாம். மிச்சத்தைக் கண்ணீரே ராத்திரி முழுக்க மூக்கோரத்துக்குத் தள்ளிக்கொண்டுவரும். காலையில் அங்கே ஒரு கறுப்புப் பீளை நிற்கும். ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம்.

மருத்துவரிடம் கேட்டு, பாதுகாப்புப் பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு ஒன்று வைத்திருந்தால் இந்த வேலைக்கு உதவும். இன்னும் நல்ல வழி, தினசரி எழுதும் காஜலை மயிர் வரிசைக்கு வெளியே எழுதுவது. கண் சின்னதாகத் தெரிகிறது என்று சண்டைக்கு வருவீர்கள், தெரியும். விசேஷ நாளுக்கு உள்ளே எழுதிக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் போதும் என்று பாட்டி சொல்கிறாரே?

பாட்டி சொல்வது சரிதான், முக்கால்வாசி.

கூத்துக் கலைஞர்கள் பொடி நிறங்களைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத்தான் முகத்தில் எழுதுவார்கள். விடிந்து கூத்து முடிந்ததும் அதே எண்ணெயைக் கை நிறைய எடுத்துத் தடவித்தான் வேஷம் கலைப்பார்கள். கதகளியிலும் அப்படியே. எண்ணெயில் போட்டது எண்ணெயில் போகும் என்ற அனுபவ அறிவு அது. மேக்கப்புக்கு நாம் சொல்கிற "அரிதாரம்" என்ற சொல்லே ஒரு மஞ்சள் தாதுவின் பெயர். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. அதை ராத்திரி முழுக்க முகத்தில் பூசி ஆடிய பரம்பரைக்கு, வேஷத்தைச் சுத்தமாகக் கலைப்பதும் ஒரு கலையாகத்தான் இருந்திருக்கும்.

முக்கால்வாசி என்று ஏன் சொன்னேன்? தேங்காய் எண்ணெய் மெழுகை நன்றாகக் கரைக்கும், ஆனால் தண்ணீரோடு கலக்காது, தானாகக் கழுவிப் போகாது. அதன் மேல் ஃபேஸ் வாஷ் போட்டே ஆக வேண்டும். கண்ணுக்குள் போனால் பத்து நிமிடமாவது எல்லாம் புகையாகத் தெரியும். ஆபத்தில்லை, ஆனால் அந்த நேரத்தில் ஸ்கூட்டியை எடுக்காதீர்கள். முகப்பரு வரும் தோலாக இருந்தால் கழுவாமல் விட்ட எண்ணெய் பருவைக் கூட்டும். அடுக்களையில் கரண்டி போட்டு எடுக்கிற எண்ணெயையும், தலைக்குத் தடவுகிற வாசனை எண்ணெயையும் கண்ணுக்கு எடுக்காதீர்கள். ஒரு சின்ன பாட்டிலில் தனியாக, வெறும் தேங்காய் எண்ணெய் வையுங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். ஊட்டியில் நிகழ்ச்சி என்றால் பாட்டிலை முன்கூட்டியே வெந்நீரில் நிறுத்தி வைப்பது நல்லது.

விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், பேபி ஆயில், வாஸ்லின்?

விளக்கெண்ணெய் ரொம்பக் கெட்டி, வழித்து எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். நல்லெண்ணெய் வேலை செய்யும், ஆனால் வாசனை தலையணைவரை வரும். பேபி ஆயில் என்பது பெரும்பாலும் மினரல் ஆயிலும் வாசனையும். வாசனையில்லாதது கிடைத்தால் பரவாயில்லை.

வாஸ்லினுக்கும் மஸ்காராவுக்கும் பழைய உறவு. 1915இல் அமெரிக்காவில் தொடங்கிய மேபிலின் கம்பெனியின் பெயரே, நிறுவனரின் அக்கா மேபலின் பெயரோடு வாஸ்லினின் வால் சேர்ந்து வந்தது. அந்தப் பெண் கரித்தூளை வாஸ்லினில் குழைத்து இமைமயிரில் தடவிக்கொள்வாராம். போடுவதற்கு ஆனது எடுப்பதற்கும் ஆகும். ஒன்றும் இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டால் வாஸ்லின் கை கொடுக்கும். ஆனால் கழுவ மெனக்கெட வேண்டும், இமை விளிம்பில் தங்கவும் செய்யும். தினமும் வேண்டாம்.

மைசெல்லர் வாட்டரைக் கழுவ வேண்டியதில்லை என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறதே?

போட்டிருக்கட்டும். கழுவுங்கள். அழுக்கைப் பிடித்த அந்த உருண்டைகள் இமையில் காய்ந்தால் யாருக்கு லாபம்? ஒரு கை தண்ணீர்தானே.

ஈரத்தாள் பாக்கெட் எவ்வளவு வசதி! அதையே வைத்துக்கொண்டால்?

ரயிலில், ராத்திரி பஸ்ஸில் சரி. வீட்டில் வேண்டாம். அதில் ஈரம் குறைவு. ஊற வைக்க முடியாது, தேய்த்துத்தான் ஆக வேண்டும். கைக்குழந்தையைத் துடைக்கும் வைப்ஸ் இந்த வேலைக்கே செய்ததில்லை.

பேபி ஷாம்பூ கண் எரியாதாமே?

எரியாமல் இருப்பது வேறு, மையை எடுப்பது வேறு. இமை விளிம்பு வீக்கத்துக்குப் பேபி ஷாம்பூவை நீர்த்துத் துடைக்கச் சொல்லும் வழக்கம் கண் மருத்துவர்களிடம் ரொம்ப நாளாக உண்டு. இப்போது அதற்கென்றே தனி இமைச் சுத்திகரிப்பான்கள் வந்துவிட்டன, பலர் அவற்றைத்தான் எழுதித் தருகிறார்கள். வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவுக்கு முன்னால் பேபி ஷாம்பூ பாவம், ஒன்றும் செய்யாது.

ஒன்பது வயதுப் பெண்ணுக்கு முதல் மேடை. அவள் கண்ணைத் தொடவே விடமாட்டாள். என்ன செய்ய?

முந்தைய வாரமே ஒரு நாள் வீட்டில் ஒத்திகை பாருங்கள். லேசாக லைனர் போட்டு, ரிமூவரால் எடுத்துக் காட்டுங்கள். ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்ப்பதும் அதோடு முடியும். அதற்கு முன்னால் இரண்டு மூன்று நாள் முழங்கையின் உள்பக்கம் மையும் ரிமூவரும் தடவிப் பார்த்தால் இன்னும் நிம்மதி.

மேடை நாளன்று வரிசை முக்கியம். முதலில் தலைசாமான், நகைகள், அப்புறம் உடை, கடைசியில் கண். பட்டு உடையோடு உட்கார வைத்து எண்ணெய் எடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பசியோடு இருக்கிற பிள்ளையிடம் எந்த ரிமூவரும் பலிக்காது. நாற்காலியில் சாய்த்து, பேடை உங்கள் உள்ளங்கையில் கொஞ்சம் சூடாக்கி, "கண்ணை மூடிக்கோ, தாளம் போடு" என்று சொல்லுங்கள். அவளே தொடையில் தட்டிக்கொண்டு நாலு ஆவர்த்தனம் எண்ணுவாள். எண்ணுகிற பொறுப்பு அவளிடம் இருந்தால் பயம் பாதி குறைந்துவிடும். தூங்கிவிட்டால்? தூங்கட்டும். தூங்குகிற பிள்ளையின் கண்தான் எடுப்பதற்குச் சுலபம்.

எனக்கே ஒன்பது வயதில் கோயில் கச்சேரி முடிந்து, குழாயடியில் துணி சோப்பால் கண்ணைக் கழுவிவிட்டார்கள். மூன்று நாள் வெளிச்சம் பார்க்க முடியவில்லை. இந்தப் பக்கத்தை எழுத அதுவும் ஒரு காரணம்.

நான் லென்ஸ் போடுகிறேன். எது முதலில்?

போடும்போது லென்ஸ் முதலில், மேக்கப் அப்புறம். எடுக்கும்போதும் லென்ஸ் முதலில், மேக்கப் அப்புறம். எப்போதும் லென்ஸ்தான் முதல் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்ட லென்ஸ் மங்கிவிடும். சுத்தம் செய்தாலும் பழையபடி ஆவது சந்தேகம். கையில் ரிமூவர் பிசுக்கோடு லென்ஸைத் தொடாதீர்கள்.

பொய் இமை ஒட்டியிருந்தால்?

நிகழ்ச்சிக்கு ஒட்டும் பட்டை இமை என்றால், ரிமூவரில் நனைத்த பட்ஸை ஒட்டிய கோட்டின் மேல் ஓட்டி, ஒரு நிமிடம் விட்டு, வெளி ஓரத்திலிருந்து உள்ளே உரியுங்கள். தானாகக் கழன்று வர வேண்டும். இழுத்தால் உங்கள் சொந்த மயிர் நாலும் கூடவே வரும்.

அழகு நிலையத்தில் ஒவ்வொரு மயிராக ஒட்டிய நீட்டிப்பு என்றால் கதை வேறு. அந்தப் பசை சயனோஅக்ரிலேட் வகை. எண்ணெய் ரிமூவர் அதைத் தளர்த்தும் என்பதால் எண்ணெய் இல்லாத ரிமூவர்தான் பயன்படுத்தச் சொல்வார்கள். அதை எடுக்க வேண்டும் என்றால் ஒட்டியவரிடமே போங்கள். வீட்டில் முயற்சி வேண்டவே வேண்டாம்.

எண்ணெய் போட்டும் மஸ்காரா கரையவில்லை. சின்னச் சின்ன கறுப்புப் புழு மாதிரி உதிர்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. உங்களிடம் இருப்பது டியூபிங் மஸ்காரா. ஒவ்வொரு மயிரைச் சுற்றியும் குழாய் மாதிரி ஒரு பாலிமர் உறை போடும். அதற்கு எண்ணெய் தேவையே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பேடை அரை நிமிடம் வைத்துக் கீழ்நோக்கி மெதுவாக வழித்தால் உறைகள் முழுசாகக் கழன்று வரும். மேடைக்குப் போகாதவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

ஜிகினா தூள் போட்டிருந்தால்?

தேய்க்கவே கூடாது. ஒரு துகள் கண்ணுக்குள் போய் நீங்கள் கசக்கினால் கருவிழியில் கீறல் விழும். கண்ணை மூடி, எண்ணெய் நனைத்த பேடை வைத்து ஒற்றி ஒற்றி எடுங்கள். ஒவ்வோர் ஒற்றலுக்கும் புதுப் பக்கம். உள்ளே போய்விட்டால் சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவுங்கள்.

ஒரு நாள் அசதியில் அப்படியே தூங்கிவிட்டேன். பெரிய பிரச்சினையா?

ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது. காலையில் வழக்கத்தைவிட அதிக நேரம் ஊற வைத்து எடுங்கள், காய்ந்திருக்கும். வழக்கமாகிவிட்டால்தான் பிரச்சினை. ஆஸ்திரேலியாவில் சுமார் 25 ஆண்டுகளாக மஸ்காராவைச் சரியாக எடுக்காமலே இருந்த ஒரு பெண்ணின் மேல் இமைக்கு அடியில் கறுப்புக் கட்டிகள் படிந்திருந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்து, அறுவை செய்து எடுத்தார்கள். 2018இல் செய்தியாக வந்தது. உள்ளே ஏதோ உறுத்துகிறது என்றுதான் அவர் போயிருந்தார்.

எடுத்தபின் கண் எரிகிறது, சிவந்திருக்கிறது. பன்னீர் விடலாமா?

வேண்டாம். கடைப் பன்னீர் கண்ணுக்குள் விடும் அளவுக்குக் கிருமி நீக்கியதில்லை. தாய்ப்பால், வெங்காயச் சாறு, தேன் எதுவுமே வேண்டாம். சுத்தமான தண்ணீரால் சில நிமிடம் கழுவுங்கள், மூடிய இமை மேல் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள், அன்றைக்கும் மறுநாளும் மை போடாதீர்கள். வெறும் எரிச்சல் என்றால் அதிலேயே அடங்கிவிடும்.

கண்கட்டி மாதிரி சின்ன வீக்கம் என்றால் சூடான ஒத்தடம், ஐந்திலிருந்து பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. கிள்ளிவிடாதீர்கள்.

வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல் தெளியாமல் இருப்பது, சீழ், இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவர். லென்ஸ் போடுகிறவர்கள் சிவப்பு மட்டும் இருந்தாலே போக வேண்டும். போன வருஷம் யாருக்கோ எழுதிய சொட்டு மருந்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து விடாதீர்கள். அது ஸ்டீராய்டாக இருந்தால், தொற்றை மோசமாக்கலாம், கண் அழுத்தத்தையும் ஏற்றலாம்.

வீட்டில் செய்த மைதான் பாதுகாப்பு, அதை எடுக்கவே வேண்டாம் என்கிறார்களே?

கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்து, திரி திரித்து, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த செம்புத் தட்டில் படியும் கரியை எடுத்துக் குழைக்கிற மை எனக்கும் பிடிக்கும். கரைப்பதற்கும் சுலபம், ஒரு சொட்டு எண்ணெய் போதும். ஆனால் அதுவும் கரிதான், அதுவும் இமை விளிம்பில் தங்கும். எடுக்கத்தான் வேண்டும். விரலால் தொட்டுத் தொட்டு வீட்டில் எல்லோரும் எழுதினால் ஒருவர் கண் தொற்று எல்லோருக்கும் வரும்.

சுர்மா (கண்ணில் எழுதும் தாதுப் பொடி) விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. பழைய வகை சுர்மாவில் ஈயம் கலந்த தாது இருக்கும். அமெரிக்காவில் அதைக் கண்ணுக்குப் பயன்படுத்த அனுமதியே இல்லை. குழந்தைகளுக்கு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

மஸ்காராவை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

திறந்து மூன்று மாதம். காய்ந்துவிட்டது என்று தண்ணீரோ எச்சிலோ விட்டு இளக்காதீர்கள். எச்சில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். கண் தொற்று வந்திருந்தால் அப்போது எழுதிய மை எல்லாம் குப்பைக்கு.

காட்டன் பேட் செலவு கட்டுப்படி ஆகவில்லை.

பழைய வேட்டித் துணி, பலமுறை துவைத்து மெத்தென்று ஆனது, பேடைவிட நன்றாகவே இருக்கும். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி ஓரம் மடித்துத் தைத்து ஒரு டஜன் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை பயன்படுத்தியதைத் துவைக்காமல் மறுபடி எடுக்கக் கூடாது. வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். உருட்டுப் பஞ்சைப் பிய்த்துப் பயன்படுத்துவதென்றால், நூல் பிரிந்து மயிரில் சிக்காமல் நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள்.

தலையணை உறையிலும் துண்டிலும் ஒட்டிய மை போகுமா?

இமைக்கு உள்ள விதிதான் துணிக்கும். முதலில் கறை மேல் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயோ மிச்சமிருக்கும் ரிமூவரோ விட்டுப் பத்து நிமிடம் ஊற வையுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி விரலால் லேசாகக் கசக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அதைவிடக் கெட்டிக்காரச் சோப்பு வீட்டில் இல்லை. பருத்திக்கு இது போதும். நாட்டிய உடையின் பட்டில் பட்டுவிட்டால் தண்ணீர் தொடாதீர்கள். வாசனையில்லாத டால்கம் பவுடரைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் உதறிவிட்டு, ட்ரை க்ளீனிங் கடையில் கறை இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுங்கள். என்ன மை என்று கேட்பார்கள், வாட்டர்ப்ரூஃப் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள்.